உந்தம் மாறாதபோது இயக்க ஆற்றல் மட்டும் எப்படிக் குறைகிறது?

கேள்வி இதுதான்: "இயக்க ஆற்றல் = உந்தம்² ÷ (2 × நிறை) என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. மோதலில் உந்தம் மாறாது என்கிறார்கள். நிறையும் மாறுவதில்லை. அப்படியானால் வலப்பக்கத்தில் எதுவுமே மாறவில்லை. பிறகு இடப்பக்கத்தில் இருக்கும் இயக்க ஆற்றல் மட்டும் எப்படிக் குறைகிறது? இன்னொன்று, இரண்டுமே நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருபவைதானே, எதற்கு இரண்டு அளவுகள்?"

பாடம் நடத்தும்போது பலரும் இதைக் கேட்காமலே கடந்துவிடுவார்கள். கேட்டவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவில்லை, உண்மையிலேயே வாசித்திருக்கிறார். வாதத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைக்குள் நுழைந்து பார்த்தால் பாதி இயந்திரவியல் வெளியே வரும்.

ஓட்டை இதுதான்: சூத்திரம் ஒரு பொருளுக்கானது. மாறாமல் இருக்கும் உந்தமோ மோதலில் பங்கெடுக்கும் எல்லாப் பொருள்களையும் சேர்த்த கூட்டுத்தொகை. தனித்தனிப் பொருளின் உந்தம் மோதலில் மாறத்தான் செய்யும். மாறாவிட்டால் மோதவே இல்லை என்று அர்த்தம்.

எண்ணில் பார்ப்போம். 1 கிலோ களிமண் உருண்டை வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து, சும்மா கிடக்கும் இன்னொரு 1 கிலோ உருண்டை மேல் மோதி ஒட்டிக்கொள்கிறது. மோதுவதற்கு முன் மொத்த உந்தம் (நிறை × வேகம்) 4. (அலகு கிலோகிராம் மீட்டர்/வினாடி. ஒவ்வொரு தடவையும் எழுதினால் கை வலிக்கும், விட்டுவிடுகிறேன்.) மோதிய பின் 2 கிலோ சேர்ந்து போகிறது; உந்தம் 4 ஆகவே இருக்க வேண்டும் என்றால் வேகம் 2. இப்போது ஆற்றல்: முன்னால் 4² ÷ 2 = 8 ஜூல். பின்னால் ஒவ்வோர் உருண்டைக்கும் உந்தம் 2, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 2² ÷ 2 = 2 ஜூல், மொத்தம் 4 ஜூல். உந்தம் 4 என்பது 2 + 2 ஆகப் பிரிந்தது, ஒன்றும் தொலையவில்லை. ஆனால் 4-இன் வர்க்கம் 16, 2-இன் வர்க்கத்தை இரண்டு தடவை கூட்டினால் 8தான். கூட்டி வர்க்கம் எடுப்பதும் வர்க்கம் எடுத்துக் கூட்டுவதும் ஒன்றல்ல, அவ்வளவுதான் விஷயம். காணாமல் போன 4 ஜூல் களிமண் நசுங்குவதிலும் சூடாவதிலும் போயிற்று.

இதிலிருந்து இன்னும் ஒரு படி போகலாம். மொத்த உந்தமும் மொத்த நிறையும் தெரிந்துவிட்டால், அந்தக் கூட்டத்தின் இயக்க ஆற்றலுக்கு ஓர் அடிமட்டம் உண்டு. எல்லாம் ஒரே வேகத்தில் சேர்ந்து நகரும்போது இருக்கும் ஆற்றல்தான் அது: மொத்த உந்தம்² ÷ (2 × மொத்த நிறை). மேலே உள்ள கணக்கில் 4² ÷ (2 × 2) = 4 ஜூல். அதற்கு மேல் இருப்பதெல்லாம் பொருள்கள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்வதால் வந்த ஆற்றல். மோதலில் அது போகலாம், பாதி போகலாம், போகாமலும் இருக்கலாம். அடிமட்டத்துக்குக் கீழே இறங்க மட்டும் உந்தம் விடாது. ஒட்டிக்கொள்ளும் மோதலை முழு மீட்சியற்ற மோதல் என்கிறோமே, அது சரியாக அந்த அடிமட்டத்தில் வந்து நிற்கும் மோதல். அதே இரண்டு உருண்டைகள் எதிரெதிரே தலா 4 மீட்டர் வேகத்தில் வந்து ஒட்டினால் மொத்த உந்தம் பூச்சியம், அடிமட்டமும் பூச்சியம். 16 ஜூலும் மொத்தமாகப் போய்விடும்.

சரி, எதற்கு இரண்டு அளவுகள் என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்கு இது விளங்கியது சூத்திரத்திலிருந்து அல்ல, ஒரு விசையை எதை வைத்து அளக்கிறோம் என்று யோசித்தபோதுதான். ஒரு பொருளைத் தள்ளுகிறோம். எவ்வளவு தள்ளினோம் என்பதைக் கடிகாரம் வைத்தும் அளக்கலாம், அளவுகோல் வைத்தும் அளக்கலாம். விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்த மாற்றம் (பாடநூலில் கணத்தாக்கு). விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது இயக்க ஆற்றல் மாற்றம் (பாடநூலில் வேலை). தள்ளல் ஒன்று, அளக்கும் கருவி இரண்டு.

உராய்வே இல்லாத தளத்தில் 1 கிலோ பெட்டி ஒன்றும் 100 கிலோ பெட்டி ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் 10 நியூட்டன் விசையால் 2 வினாடி தள்ளுகிறோம். இரண்டுக்கும் உந்தம் 20. ஆனால் சின்னப் பெட்டி வினாடிக்கு 20 மீட்டர் வேகம் எடுத்து, அந்த 2 வினாடியில் 20 மீட்டர் ஓடியிருக்கும். பெரிய பெட்டி 20 சென்டிமீட்டர்தான் அசைந்திருக்கும். தள்ளியவர் முதல் பெட்டியின் பின்னால் 20 மீட்டர் ஓடி ஓடித் தள்ளினார், இரண்டாவதோடு கால் நகராமலே நின்றார். ஆற்றல் 200 ஜூல், 2 ஜூல். நூறு மடங்கு வித்தியாசம், நிறைகளின் விகிதம் அப்படியே தலைகீழாக. இப்போது நேரத்தை விட்டுவிட்டு, இரண்டையும் 20 மீட்டர் தூரத்துக்குத் தள்ளுவோம். இரண்டுக்கும் 200 ஜூல். ஆனால் பெரிய பெட்டி அந்தத் தூரத்தைக் கடக்க 20 வினாடி எடுக்கும், உந்தம் 200 ஆகிவிடும்.

நிறுத்தும்போதும் இதே கதைதான், அங்கே இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிரேக் ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் 5 மீட்டர் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 மீட்டரில் வரும் வண்டி 2 வினாடியில், 10 மீட்டருக்குள் நிற்கும். 20 மீட்டரில் வரும் வண்டி நிற்க 4 வினாடி, ஆனால் 40 மீட்டர் வேண்டும். நேரம் உந்தத்தின் வழியில் இரட்டிப்பாகிறது, தூரம் ஆற்றலின் வழியில் நான்கு மடங்காகிறது. இதைவிடத் திடுக்கிட வைப்பது ஒன்று உண்டு. முதல் வண்டி நின்றுபோன அந்த 10 மீட்டர் இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் என்ன? 10 இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை, ஏறக்குறைய 17. நாலில் ஒரு பங்கு ஆற்றல்தான் அதற்குள் செலவாகியிருக்கும்.

இதன் மறுபக்கம்தான் பின்னுதைப்பு. 4 கிலோ துப்பாக்கியிலிருந்து 10 கிராம் குண்டு வினாடிக்கு 400 மீட்டரில் பாய்கிறது. குண்டின் உந்தம் 4, துப்பாக்கிக்கும் எதிர்த்திசையில் 4, ஆகவே துப்பாக்கி 1 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். ஆற்றலோ குண்டுக்கு 800 ஜூல், துப்பாக்கிக்கு 2 ஜூல். உந்தம் சமமாகப் பிரியும் இடத்திலெல்லாம் ஆற்றல் இலேசானதற்கே போகும். யுரேனியம்-238 அணுக்கரு ஆல்ஃபா துகளை (ஹீலியம் அணுக்கருவை) உமிழ்ந்து தோரியம்-234 ஆகும்போதும் இதே பாகப்பிரிவினைதான்: வெளிப்படும் 4.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் 4.20 ஆல்ஃபாவுக்கு, மிச்சம் இருக்கும் துளிதான் தோரியத்துக்கு.

இந்தப் போக்கை எல்லைவரை கொண்டுபோனால் சுவர் வரும். சுவரில் பந்தை எறிகிறோம், அதே வேகத்தில் திரும்பி வருகிறது. பந்தின் உந்தம் முன்னால் போனது பின்னால் திரும்பிவிட்டதால், மாற்றம் அதன் உந்தத்தைப் போல் இரு மடங்கு. அவ்வளவும் சுவர் வழியாகப் பூமிக்குப் போகிறது. ஆற்றலோ பந்திடமே இருக்கிறது. பூமியின் நிறை அவ்வளவு பெரிது என்பதால், உந்தத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஆற்றல் என்ற கணக்கில் அதற்கு ஒன்றும் சேராது. கீழே விழும் பொருளின் ஆற்றல் கணக்கில் பூமியைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோமே, அது சோம்பலால் அல்ல, இந்தக் காரணத்தால். உந்தக் கணக்கில் அப்படி விட முடியாது. இந்தச் சுவரைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் மறுபடி வரும்.

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குண்டின் வேகத்தை அளக்க ஒரு பழைய வழி இருக்கிறது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742-இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் விவரித்தது: தொங்கவிட்ட கனமான மரக்கட்டைக்குள் குண்டைச் சுட வேண்டும், கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்று பார்க்க வேண்டும். நம் 10 கிராம் குண்டு 1.99 கிலோ கட்டைக்குள் புதைகிறது என்போம். குண்டின் 800 ஜூலும் அப்படியே உயரமாக மாறும் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் கட்டை 40 மீட்டருக்கு மேல் ஏறும் என்று வரும். பதின்மூன்று மாடி! விடைத்தாளில் இதை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனவர்கள் உண்டு. உண்மையில் புதையும் கணத்தில் உந்தத்தை மட்டுமே நம்பலாம்: உந்தம் 4, மொத்தம் 2 கிலோ, வேகம் 2. அப்போது மிஞ்சும் ஆற்றல் 4 ஜூல். 800-இல் 796 மரத்தைக் கிழித்துச் சூடாக்குவதில் முடிந்துவிட்டது. அப்புறம் கட்டை மேலேறும்போது ஆற்றலை நம்பலாம்: ஏறும் உயரம் சுமார் 20 சென்டிமீட்டர். ஒரே கணக்கு, இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஆற்றல் எங்கே கசிகிறது என்று தெரியாது, அதனால் உந்தம். இரண்டாவது கட்டத்தில் புவியீர்ப்பு, கயிறு என்று வெளிவிசைகள் நேரம் எடுத்து வேலை செய்கின்றன, உந்தம் மாறிவிடும், அதனால் ஆற்றல்.

உந்தம் மட்டும் ஏன் கசிவதில்லை? அதற்குத் திசை இருப்பதால். ஆற்றலுக்குத் திசை கிடையாது, அது எப்போதும் கூட்டல்தான். மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவாக மாறி ஒளிந்துகொள்ள அதனால் முடியும். ஒரு கன மீட்டர் அசையாத காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூலக்கூறுகள் வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் நாலாபக்கமும் பறக்கின்றன. அவற்றின் இயக்க ஆற்றலைக் கூட்டினால் சுமார் 1.5 லட்சம் ஜூல். ஒரு டன் நிறையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இருக்கும் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் காற்றின் மொத்த உந்தம் பூச்சியம், இந்தப் பக்கம் போவதும் அந்தப் பக்கம் போவதும் அடித்துப்போய்விடுகின்றன. காரின் உந்தம் பதினாறாயிரத்துக்கு மேல். உந்தம் தாறுமாறான அசைவுக்குள் போய் ஒளிய முடியாது. தாறுமாறானது என்றாலே கூட்டினால் பூச்சியம் என்றுதானே பொருள். கார் மரத்தில் மோதி நின்றால் ஆற்றல் வெப்பமாகிவிடும், உந்தம் உந்தமாகவே பூமிக்குப் போய்ச் சேரும்.

இவ்வளவு தெளிவாக இன்று பேசிவிடுகிறோம், ஆனால் இதற்காகப் பெரிய தலைகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கின்றன. 1644-இல் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட், உலகில் உள்ள மொத்த இயக்கத்தின் அளவு மாறாது, அது பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்றார். திசையைக் கணக்கில் எடுக்கவில்லை, அதுதான் கோளாறு. அதனால் அவருடைய மோதல் விதிகளில் பெரும்பாலானவை தப்பாயின. திசையைச் சேர்த்துச் சரியான விதிகளை 1660-களின் கடைசியில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் தந்தார்கள். மீட்சி மோதலில் (இயக்க ஆற்றல் குறையாத மோதலில்) நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியதும் மாறாமல் இருக்கிறது என்பதை ஹைகன்ஸ் கவனித்தார்.

1686-இல் லைப்னிட்ஸ் டேக்கார்ட்டை நேரடியாகத் தாக்கினார். 4 கிலோவை 1 மீட்டர் தூக்குவதும் 1 கிலோவை 4 மீட்டர் தூக்குவதும் ஒரே உழைப்பு. அப்படியே கீழே விட்டால், நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழுவது இரண்டு மடங்கு வேகம்தான் எடுக்கும். நிறை × வேகம் பார்த்தால் 4-க்கு 2, சமமில்லை. நிறை × வேகம்² பார்த்தால் 4-க்கு 4. இதற்கு அவர் ‘உயிருள்ள விசை’ என்று பெயர் வைத்தார். 1720-களில் நெதர்லாந்தின் கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டு, இரு மடங்கு வேகத்தில் விழுவது நான்கு மடங்கு பள்ளம் செய்வதைக் காட்டினார். பிரான்ஸின் எமிலி டு சாட்லே 1740-இல் எழுதிய இயற்பியல் நூலில் லைப்னிட்ஸ் பக்கம் நின்று வாதாடினார். பள்ளம் என்பது தூரம், ஆகவே அந்தச் சோதனை வேகத்தின் வர்க்கத்தைத்தான் காட்டும். குண்டு புதைந்து நிற்க எடுக்கும் நேரத்தை யாராவது அளந்திருந்தால் எதிர்க்கட்சியும் ஜெயித்திருக்கும். 1743-இல் டாலம்பேர் இதெல்லாம் வெறும் சொற்சண்டை என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் கறாரான தீர்ப்பு என்பது என் எண்ணம். இரண்டு வேறு அளவுகள் இருக்கின்றன என்பதே அந்தச் சண்டையில்தானே தெரியவந்தது. இன்று இயக்க ஆற்றலை ½ × நிறை × வேகம்² என்று எழுதுகிறோமே, அந்த ½ கடைசியில் வந்து சேர்ந்தது. 1829-இல் கொரியோலிஸ், விசை × தூரம் என்ற வேலையோடு கணக்கு நேராகப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பாதியாக்கினார்.

‘ஏன் வர்க்கம், ஏன் கனம் இல்லை?’ என்று அடுத்து கேட்பீர்கள். இதற்குச் சூத்திரமே இல்லாத ஒரு வாதம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மாதிரி இரண்டு களிமண் உருண்டைகள் எதிரெதிரே சம வேகத்தில் வந்து மோதி அப்படியே நின்றுவிடுகின்றன. ஓர் உருண்டையின் ஆற்றலை ஒரு பங்கு என்போம். அப்படியானால் வெப்பமானது இரண்டு பங்கு. இப்போது இதையே, ஓர் உருண்டையோடு கூடவே அதே வேகத்தில் போகிற ஒருவர் பார்க்கிறார். அவருக்கு அந்த உருண்டை அசையாமல் நிற்கிறது, மற்றது இரட்டை வேகத்தில் வருகிறது. மோதிய பின் ஒட்டிய இரண்டும் ஒற்றை வேகத்தில் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிகிறது. அவர் கணக்கில் மோதலுக்குப் பின் இரண்டு பங்கு இயக்க ஆற்றல் மிச்சம் இருக்கிறது. களிமண் எவ்வளவு சூடாயிற்று என்பது பார்ப்பவரைப் பொறுத்தது அல்ல, அது அவருக்கும் இரண்டு பங்குதான். ஆக, மோதலுக்கு முன் நான்கு பங்கு இருந்திருக்க வேண்டும். அவ்வளவும் இரட்டை வேகத்தில் வந்த அந்த ஓர் உருண்டையிடம்தான் இருந்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. எந்தச் சோதனைச்சாலைக்கும் போகவில்லை.

இரண்டு விதிகளையும் சேர்த்துப் பிடித்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1932-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் சாட்விக் செய்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பெரிலியத்தின் மேல் ஆல்ஃபா துகள்கள் விழும்போது மின்சுமை இல்லாத ஏதோ ஒன்று வெளியே வந்தது. அதை நேரடியாகப் பிடிக்க முடியாது, நிறையும் தெரியாது, வேகமும் தெரியாது. ஆனால் அது ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் மோதித் தள்ளியது. நேருக்கு நேர் மீட்சி மோதலில் உந்தமும் ஆற்றலும் இரண்டும் மாறாது என்று எழுதினால், தள்ளப்பட்ட அணுக்கருவின் வேகம் இப்படி வரும்: வந்த வேகம் × 2 × வந்ததன் நிறை ÷ (இரண்டின் நிறைகளின் கூட்டல்). அளவீட்டில் ஹைட்ரஜன் வினாடிக்கு 3.3 கோடி மீட்டர் வரை, நைட்ரஜன் 47 லட்சம் மீட்டர் வரை. ஒன்றை மற்றதால் வகுத்தால் தெரியாத வேகம் அடித்துப்போய்விடும். விகிதம் ஏறத்தாழ 7. அதாவது, ஹைட்ரஜனின் நிறையை 1 என்றும் நைட்ரஜனின் நிறையை 14 என்றும் வைத்தால், (நிறை + 14) ÷ (நிறை + 1) = 7. நீங்களே தீர்த்துப் பாருங்கள், 1-ஐவிடக் கொஞ்சம் கூட வரும். சாட்விக் எழுதியது 1.15. இன்றைய அளவு 1.01-ஐ ஒட்டியது. நியூட்ரான் கிடைத்தது இப்படித்தான். உந்தம் மட்டும் போதாது, ஆற்றல் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் ஒரு சமன்பாடுதான் தரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நீங்கள் எழுதிய சூத்திரம் ஒளியின் வேகத்தை நெருங்காத பொருள்களுக்குத்தான் செல்லும். ஒளிக்கே போனால் அது அடியோடு உடையும்: நிறை பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆனாலும் ஒளிக்கு உந்தம் உண்டு. ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும், வர்க்கம் எல்லாம் இல்லை. அவ்வளவு பெரிய எண்ணால் வகுப்பதால் கிடைப்பது அற்பம். பூமியின் தொலைவில் சூரிய ஒளி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,360 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அதை முழுதாக விழுங்கும் ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகட்டின் மேல் விழும் விசை 4.5 மைக்ரோநியூட்டன்தான். இப்போது அந்தச் சுவரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கறுப்புத் தகடு ஆற்றல் முழுவதையும் எடுத்துக்கொண்டு சூடாகிறது, உந்தத்தை ஒரு தடவைதான் வாங்குகிறது. கண்ணாடி போலப் பளபளக்கும் தகடு ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, உந்தத்தையோ இரு மடங்கு வாங்குகிறது. 2010-இல் ஜப்பான் விண்ணில் விரித்த இக்காரோஸ் என்ற சூரியப் பாய்மரம், பக்கத்துக்கு 14 மீட்டர் உள்ள ஒரு மெல்லிய படலம், அலுமினியம் பூசியது. அதன் மேல் ஒளி கொடுத்த விசை ஒரு மில்லிநியூட்டனைக் கொஞ்சம் தாண்டியது. கையில் வைத்தால் தெரியாத விசை, ஆனால் கலத்தின் பாதையை மாற்ற அது போதுமானதாக இருந்தது.